நெற்றி விளிம்பு: வடசென்னை வழியே பொய்முடியின் வரலாறு

பொய்முடி பிடிபடும் இடம் நெற்றியில் அது தொடங்கும் விளிம்பு. உச்சியிலும் பிடரியிலும் முடியின் மேல் முடி விழுந்து அடித்துணியை மறைத்துவிடும். முன்வரி எனப்படும் நெற்றி விளிம்பில் அந்த வசதி இல்லை. அங்கே ஒவ்வொரு முடியும் தோலிலிருந்து நேராக முளைத்ததுபோல் தெரிந்தாக வேண்டும். இந்த அரை அங்குலத்தைச் சமாளிக்க இரண்டு வழிகள்தாம் இருந்திருக்கின்றன. விளிம்பை எதையாவது வைத்து மூடுவது ஒன்று. விளிம்பு இருப்பதே தெரியாத அளவுக்கு அதை மெலிய வைப்பது மற்றொன்று. டோப்பா, விக், சவுரி என்று சென்னையில் பல பெயர்களில் வழங்கும் பொருளின் வரலாறு, பெரும்பாலும் முதல் வழியிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர்ந்த வரலாறுதான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வழியாக வால்டாக்ஸ் சாலை வரை நீளும் வடசென்னை அதில் பல இடங்களில் குறுக்கிடுகிறது. நாடகக் கொட்டகை இங்கே இருந்தது. துறைமுகம் இங்கே இருக்கிறது. முடி காணிக்கை தருகிற குடும்பங்களும் இங்கே ஏராளம்.

மூடும் வழியை முழுமையாகக் கையாண்டது தெருக்கூத்து. தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களை ஒட்டி வளர்ந்த இந்தக் கலையில், கட்டை வேஷம் போடுபவரின் தலையில் முதலில் துணி கட்டப்படும். அதன் மேல் கிரீடம் ஏறும். துணியும் கிரீடமும் நெற்றியின் மேல்பகுதியை விழுங்கிவிடுவதால் முன்வரி என்ற கேள்வியே எழாது. பெண் வேஷத்துக்குச் சவுரி வைத்துக் கொண்டை போடுவார்கள். ஓரத்தை நெற்றிச்சுட்டியும் பூவும் பார்த்துக்கொள்ளும். துகிலுரிதல் முதல் பதினெட்டாம் போர் வரை பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தல்தான் கதையின் நடுநாயகம். அப்படிப்பட்ட கூத்திலும் அந்தக் கூந்தல் நெற்றியில் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தீவட்டி வெளிச்சமும், வெட்டவெளியில் உட்கார்ந்த கூட்டத்தின் தொலைவும் மிச்சத்தைச் சரிசெய்தன.

கொட்டகை நாடகம் இந்த நிம்மதியைக் குலைத்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேறினார்கள். புராண அரசர்களோடு வக்கீலும் மாமியாரும் குடிகாரனும் பாத்திரங்களாக வந்தபோது கிரீடம் உதவவில்லை. தொழில்முறைக் குழுக்கள் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில் இரவு இரவாக நாடகம் போட்டன. நடிகர்களில் பலர் தங்கள் முடியையே நீளமாக வளர்த்து, ஸ்திரீபார்ட்டுக்குப் பின்னியும் ராஜபார்ட்டுக்குத் தோளில் விட்டும் சமாளித்தார்கள். முடி இல்லாதவருக்கு டோப்பா. அது தடித்த துணியில் தைத்த குல்லாய். முடியைச் சரம் சரமாகக் கோத்து அதன் மேல் வரிசையாகத் தைத்திருப்பார்கள். முன்பக்கத் துணி நெற்றியில் ஒரு பட்டையாக இறங்கும். அந்தப் பட்டையின் மேல் முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசி, முகத்து நிறத்தோடு சேர்த்துவிடுவது வழக்கம். பின்வரிசையில் இருந்தவருக்கு அது போதும். முன்வரிசைக்காரர்களுக்கு நெற்றியில் ஒரு மடிப்பு தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்; நாடகத்தின் மேல் இருந்த பிரியத்தில் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

விளிம்பை மெலிய வைக்கும் வழி வேறொரு தொழிலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808–09இல் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அறுகோணக் கண்களுடைய அந்த வலை திருமண முக்காடுகளுக்கும் சட்டை ஓரங்களுக்கும் பயன்பட்டது. பின்னர் ஐரோப்பிய விக் தொழிலாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொக்கி போன்ற நுண்ணிய ஊசியால் ஒன்றிரண்டு முடிகளை எடுத்து, வலையின் ஒரு கண்ணில் நுழைத்து, முடிச்சிட்டு இறுக்குவது அவர்கள் முறை. வலை தோலின் மேல் படிந்தால் கண்களின் வழியே தோலே தெரியும். முடி அங்கிருந்து புறப்படுவதுபோல் தோன்றும். இப்படி ஒரு முழு விக்கைக் கட்டி முடிக்கத் தேர்ந்த கைக்கும் நாற்பது மணி நேரம் தாண்டும். வலையின் ஓரத்தை நெற்றியில் ஒட்டுவதற்கு மரப்பிசினைச் சாராயத்தில் கரைத்த பசை இருந்தது. ‘ஸ்பிரிட் கம்’ என்று கோடம்பாக்கம் இன்றைக்கும் சொல்லும் அந்தப் பசைதான் ஒட்டுமீசைக்கும் ஆதாரம்.

வலை முன்வரியைத் தவிர்க்க முடியாததாக ஆக்கியது சினிமா. அண்மைக் காட்சியில் நெற்றி ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாகிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேக்ஸ் ஃபேக்டர் அடிப்படையில் விக் தொழிலாளி. 1914இல் ‘தி ஸ்குவா மேன்’ என்ற படத்துக்கு அசல் முடி விக்குகளை வாடகைக்குக் கொடுத்துத்தான் ஹாலிவுட்டுக்குள் காலூன்றினார். வலை முன்வரி விக்குகளைப் படத்தொழிலில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

சென்னையில் 1934இல் ஸ்ரீநிவாஸா சினிடோன் வந்தபின் பேசும்படங்கள் இங்கேயே எடுக்கப்பட்டன. ஆனாலும் தொடக்க காலப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகள். கிரீடமும் ஜடாமுடியும் நெற்றியை மறுபடி காப்பாற்றிக்கொடுத்தன. தமிழ் சினிமாவின் புராண மோகத்துக்குச் சொல்லப்படும் காரணங்களோடு இந்தச் சில்லறைச் சௌகரியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கிராப்பு வைத்த கதாநாயகன் சமூகப் படங்களில் வந்தபோதுதான் முன்வரி வெளிச்சத்துக்கு வந்தது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழு நீள வண்ணப் படமாக வந்தபின் சிக்கல் இரட்டிப்பானது. கறுப்பு வெள்ளையில் வலையும் தோலும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். வண்ணத்தில் வலையின் நிறம் தோலோடு ஒத்துப்போகவில்லை என்றால் நெற்றியின் மேல் வெளிறிய கோடு விழும்.

விக்கின் வடிவம் வெளிநாட்டில் தேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதற்கான முடி சென்னையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டைக் குடும்பங்கள் குழந்தையின் முதல் மொட்டைக்கோ வேண்டுதலுக்கோ செல்லும் இடங்கள் பல: ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில், மற்ற நாட்களில் திருத்தணி, வசதியும் நேரமும் வாய்த்தால் திருப்பதி. மொட்டையடித்து விழும் முடியைக் கோயில்கள் ஏலம் விடுகின்றன. கோயில் முடிக்கு உலகச் சந்தையில் மதிப்பு வருவது அதன் நீளத்தால் மட்டுமல்ல. ஒரே தலையிலிருந்து ஒரே வீச்சில் இறங்குவதால் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலைவதில்லை, முடியின் மேற்புறச் செதில்கள் ஒரே திசையில் நிற்கும், சிக்கு விழாது. சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்து, தெருவில் வரும் வியாபாரியிடம் ஸ்டீல் பாத்திரத்துக்கு மாற்றுகிற முடி இதற்கு நேர்மாறு. அதில் திசை கலந்திருப்பதால் அமிலத்தில் ஊற வைத்துச் செதில்களைக் கரைத்து, மேலே சிலிக்கான் பூச வேண்டியிருக்கும். சில தடவை அலசியதும் பூச்சு போய்விடும்.

1960களில் அமெரிக்காவில் விக் மோகம் உச்சத்தில் இருந்தது. சீன முடிக்கு அந்நாடு 1966ஐ ஒட்டித் தடை விதித்ததும் வாங்குபவர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் சென்னையிலேயே ‘விக் இந்தியா’ என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கியது. முடியை முடியாக அனுப்பாமல் விக்காக்கி அனுப்பினால் லாபம் இங்கே தங்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், காலம்தான் சரியில்லை. செயற்கை இழை விக்குகள் மலிவாக வந்து குவிந்தன. தென்கொரியா வேகமாக முந்திக்கொண்டது. பின்னாளில் அசல் முடிக்கு மறுபடி கிராக்கி வந்தபோது, முடிச்சிடும் வேலையின் பெரும்பகுதி சீனாவில் நிலைகொண்டுவிட்டது. இன்று சென்னையில் ஒருவர் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் வலை முன்வரி, இந்தியக் கோயிலில் விழுந்து சீனாவில் முடிச்சிடப்பட்டுத் திரும்பி வந்த முடியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2004 மே மாதத்தில் ஜெருசலேமின் ரபி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், திருப்பதி முடி வழிபாட்டுக் காணிக்கை என்பதால் யூதப் பெண்கள் அதில் செய்த விக்கை அணியக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கில் தெருவில் விக்குகள் எரிக்கப்பட்டன. முடி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வாங்குபவர்களிடையே அப்போது பெரிதாக எழுந்தது.

படத்தொழிலுக்கு வெளியே, மாதச் சம்பளக்காரர்களிடம் வலை முன்வரி வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில். ரஜினிகாந்த் திரையில் விக்கோடும் பொது நிகழ்ச்சிகளில் அது இல்லாமலும் தோன்றுவதைத் தமிழ்நாடு இயல்பாக ஏற்றுக்கொண்டது. ஒட்டுமுடி பற்றிய கூச்சம் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ‘ஹேர் பேட்ச்’, ‘ஹேர் ஃபிக்ஸிங்’ என்ற பலகைகள் நகரமெங்கும் இருக்கின்றன. இவற்றில் ஒட்டுவதற்கு ஸ்பிரிட் கம்மை விட இருபுறமும் பசையுள்ள டேப்பே அதிகம் பயன்படுகிறது. டேப் கைக்கு எளிது. ஆனால் முன்வரியைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு இணை இல்லை.

டேப்பின் முதல் குறை பளபளப்பு. வலைக்கண்களின் வழியே பசை மின்னும். மினுக்காத வகை டேப்பை முன்பக்கத்துக்கு எடுப்பார்கள். ஒட்டியபின் தோல்நிறப் பொடியைத் தூரிகையால் தட்டுவார்கள். இரண்டாவது குறை வடிவம். நேர்த்துண்டாக ஒட்டினால் நெற்றியின் வளைவில் சுருக்கம் விழும். வில்போல் வெட்டிய சிறு துண்டுகளை அடுத்தடுத்து, மேலேறாமலும் இடைவெளி விடாமலும் வைக்க வேண்டும். வலையின் ஓரமும் டேப்பின் ஓரமும் ஒரே கோட்டில் முடிவது முக்கியம். டேப் முன்னே நீண்டால் தூசி படிந்து இரண்டு நாளில் கறுப்புக் கோடு கிளம்பும். வலை முன்னே நீண்டால் காற்றில் தூக்கிக்கொள்ளும். வலையை நேர்க்கோட்டில் வெட்டாமல் சிறு நெளிவுகளாக வெட்டுவதும் இதே காரணத்தால்: நேர்க்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முன்வரி பொய்யாகத் தெரிந்தால், பிழை டேப்பில் இல்லை. முடி நடப்பட்ட விதத்தில் இருக்கிறது. இயற்கையான முன்வரி அடர்ந்த வேலி கிடையாது. முதல் வரிசையில் மெல்லிய முடிகள் ஒற்றை ஒற்றையாக, ஒழுங்கில்லாமல் நிற்கும். அதன் பின்னே இரண்டிரண்டாக, அப்புறம்தான் அடர்த்தி. நடுவில் அவை சற்றே முன்னோக்கியும் பொட்டுப்பக்கத்தில் கீழ்நோக்கியும் சாயும். நல்ல விக்கில் முன்வரிசைக்கென்று மெல்லிய முடியைப் பொறுக்கி, ஒரு கண்ணில் ஒரு முடி என்று கட்டியிருப்பார்கள். முடிச்சு கரும்புள்ளியாகத் தெரியாதிருக்க அதை மட்டும் வெளுக்க வைப்பதுண்டு. கறுப்பு முடிச்சு வெளுக்கும்போது முதலில் செம்பழுப்பாக மாறும். வெள்ளைத் தோலில் அது பிசகாகத் தெரியும். மாநிறத் தோலில் அதுவே பொருந்திவிடும். ஐரோப்பியத் தோலுக்கென்று வெளிறிய நிறத்தில் வரும் வலையோ நம்மவர் நெற்றியில் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பழுப்பு வலையை வாங்குவது நல்லது. இல்லையென்றால் தேயிலைச் சாற்றில் நனைத்து நிறமேற்றலாம்.

முன்வரிக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வாடிக்கையாளரும் கடைக்காரரும் அதிகம் முரண்படுகிறார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் தன் கல்லூரிப் படத்தைக் காட்டி அதே நெற்றியைக் கேட்பார். பொட்டு மூலைகளில் சற்று ஏறி இறங்காத கோடு அந்த வயது முகத்தில் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் நிற்காது. கேட்டபடியே கோட்டை இறக்கிப் போட்டுக்கொடுப்பது வியாபாரம். மறுத்துப் பேசுவதுதான் தொழில்.

திருவொற்றியூரின் தட்பவெப்பம் வேறு இந்த வேலைக்கு எதிரி. கடற்காற்றின் ஈரமும் உப்பும், வியர்வையும் டேப்பின் பிடியைத் தளர்த்தும். வறண்ட ஊரில் மூன்று வாரம் நிற்கும் ஒட்டு இங்கே அவ்வளவு நாள் தாங்குவதில்லை. நெற்றியை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை நீக்குவது, தோலுக்குக் காப்புத் திரவம் தடவி உலர விடுவது ஆகியவற்றை எந்தச் சூழ்நிலையிலும் தவிர்க்கக் கூடாது. அடுத்த எதிரி ஹெல்மெட். 1950களில் ராயல் என்ஃபீல்டு ஆலை எழுந்த ஊர் இது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட் தவிர்க்க முடியாதது. அதைக் கழற்றும்போது உள்பஞ்சு முன்வரியைப் பின்னோக்கி இழுக்கும். தாடைப்பக்கத்தை விரித்து, முன்பக்கமாகத் தூக்கிக் கழற்றினால் ஒட்டு பிழைக்கும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் போட்டுக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

புற்றுநோய் மருந்தால் முடியிழந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் தோல் மென்மையாகி எளிதில் புண்ணாகும் என்பதால் டேப்பும் பசையும் பொருந்தாது. சென்னைக் கல்லூரிப் பெண்கள் தானமாகத் தரும் முடியில் இவர்களுக்காகச் செய்யப்படும் விக்குகள் குல்லாய் போல அணிவதற்கே ஏற்றவை. முன்வரியை நெற்றியில் விழும் கற்றையோ துப்பட்டாவோ மறைத்துக்கொள்கிறது. மூடும் வழி இங்கே இன்றும் சரியான வழி.

மெல்லிய வலைக்கு ஆயுள் குறைவு. விளிம்பு எவ்வளவு நுட்பமோ அவ்வளவு சீக்கிரம் கிழியும். நாள்தோறும் அணிந்தால் சில மாதங்களில் முன்வரி நைந்து, முதல் வரிசை முடிகள் உதிரத் தொடங்கும். ஆகவே பல கடைகள் முன்பக்கத்துக்கு மட்டும் வலையும், மற்ற இடங்களுக்குத் தடித்த அடித்தளமும் வைத்துக் கொடுக்கின்றன. முன்வலை நைந்தவுடன் முழு விக்கையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தப் பட்டையை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம்.