தவணைப் பாதுகாப்புக் காப்பீடு (பிரிட்டன்)

தவணைப் பாதுகாப்புக் காப்பீடு என்பது, கடனாளி நோயுற்றாலோ, விபத்தில் சிக்கினாலோ, வேலையிழந்தாலோ அவரது கடன் தவணையைக் குறிப்பிட்ட காலத்துக்குச் செலுத்தும் காப்பீடு. பிரிட்டனில் வங்கிகள் இதைத் தனிநபர் கடன், வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு ஆகியவற்றுடன் சேர்த்து விற்றன.

காப்பீடு எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று பலரிடம் கூறப்பட்டது. சிலருக்குத் தெரியாமலே அது சேர்க்கப்பட்டது. சுயதொழில் செய்வோர், ஓய்வுபெற்றோர், ஏற்கெனவே நோயுள்ளோர் போன்ற, பலன் கோர இயலாதவர்களுக்கும் விற்கப்பட்டது. முழுப் பிரீமியத்தையும் கடனுடன் சேர்த்து, அதற்கும் வட்டி வாங்கிய திட்டங்களும் இருந்தன.

முறையற்ற விற்பனை குறித்த விதிகளை எதிர்த்து வங்கிகள் தொடுத்த வழக்கு 2011 ஏப்ரலில் தோல்வியடைந்தது. அதன்பின் இழப்பீடு பெருமளவில் வழங்கப்பட்டது. 2014-இல் பிளெவின் வழக்கில், பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகச் சென்றதை மறைத்தது நியாயமற்றது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் புகாருக்கான அடிப்படை விரிவடைந்தது.

புகாரை முதலில், காப்பீட்டை விற்ற நிறுவனத்திடம் அளிக்க வேண்டியிருந்தது. அது மறுத்தால், கட்டணமின்றி நிதிக் குறைதீர்ப்பாளரை நாட முடிந்தது. முறையற்ற விற்பனை உறுதியானால், பொதுவாகச் செலுத்திய பிரீமியம், அதன்மீது வசூலித்த வட்டி, ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டி ஆகியவை திருப்பித் தரப்பட்டன. வாடிக்கையாளர் சார்பில் புகார் அளித்த இடைத்தரகு நிறுவனங்கள் இத்தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றன.

புகார் அளிப்பதற்கான இறுதி நாள் 2019 ஆகஸ்ட் 29. மொத்த இழப்பீடு 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது.