தேரும் முயற்கொம்பும்

உச்சி வெயில். மணல் கொதிக்கிறது. அரண்மனையில் வளர்ந்த பாதம் நோகுமே, நடந்தா வந்தீர்கள் என்று விசாரிக்கிறார் துறவி நாகசேனர். இல்லை, தேரில் வந்தேன் என்கிறான் மன்னன் மிலிந்தன். அந்த ஒரு சொல்லில் அகப்பட்டுக்கொண்டான்.

மிலிந்தன் என்று பாலி நூல் சொல்வது, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சாகலத்திலிருந்து ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டரை. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி என்று அவன் அடித்த வெள்ளிக்காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வாதத்தில் கெட்டிக்காரன். நாகசேனர் என்பது வெறும் பெயர், அப்படியோர் ஆள் உள்ளே இல்லை என்று துறவி சொன்னதும், மயிர் நாகசேனரா, நகம் நாகசேனரா, பல் நாகசேனரா என்று துளைத்தெடுத்தவன். இப்போது அதே கேள்வி அவன் தேர்மேல் திரும்புகிறது. ஏர்க்கால் தேரா? அச்சா, சக்கரமா, நுகமா, கடிவாளமா? எதுவுமில்லை. எல்லாம் சேர்ந்த குவியலா? அதுவும் இல்லை. அப்படியானால் தேரில் வந்ததாகச் சொன்னது பொய்யா?

மன்னன் சுதாரித்துக்கொண்டான். இவற்றையெல்லாம் சார்ந்து தேர் என்ற பெயர் வழங்குகிறது என்றான். துறவி சபாஷ் போட்டார்.

எனக்கு அங்கேதான் நெருடுகிறது. பெயர் வழங்கினால் போதும் என்றால் முயற்கொம்புக்கும் பெயர் இருக்கிறதே! தேரில் ஏறி ஊர் போகலாம்; கானல் நீரில் ஒரு குடம் மொள்ள முடியாது. இரண்டையும் பிரிக்கும் கோடு எது?

உண்மையைப் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் இரண்டாக வகுத்தார்: இறுதி உண்மையான பரமார்த்தம் ஒன்று, உலக வழக்கான சம்விருதி மற்றொன்று. 7ஆம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி அதே தேரை மறுபடி இழுத்து வந்து, ஏழு வழியில் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆனாலும் உலகத்தாருக்குத் தேர் உண்டு என்றார். கோட்டை அழுத்திக் கிழித்தவர் திபெத்தின் சோங்கபா. 1402இல் ரெட்டிங் மடத்தில் எழுதிய பெருநூலில் மூன்று சோதனை வைத்தார். உலகத்தார் அறிவில் அது பழகியிருக்க வேண்டும். வேறொரு சரியான உலக அறிவு அதை மறுக்கக் கூடாது: இருட்டில் பாம்பாகத் தெரிந்தது விளக்கை ஏற்றியதும் கயிறானால், பாம்பு தோற்றது. மூன்றாவது, பரமார்த்த ஆராய்ச்சியும் அதை மறுக்கக் கூடாது. பொருள்களுக்குத் தாமாகவே நிற்கும் சுபாவம் உண்டென்று ஊரே நம்புகிறது. எந்த விளக்கும் அந்த நம்பிக்கையைக் கலைக்காது. இந்தச் சோதனையில்தான் அது விழும்.

அப்படியானால் தேரும் விழாதா? ஏழு வழியில் தேடியும் அகப்படவில்லையே! இங்கேதான் சோங்கபாவின் சாமர்த்தியம். அகப்படாதது வேறு, இல்லையென்று மறுக்கப்பட்டது வேறு என்கிறார். கண்ணால் தேடினால் ஓசை அகப்படாது. அதனால் ஓசையே இல்லை என்றாகிவிடுமா? தானாக நிற்கும் தேரைத் தேடும் ஆராய்ச்சிக்கு, மன்னன் ஏறி வந்த தேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், மிலிந்தன் அன்று தேரில் திரும்பவில்லை. குதிரையேறி, நாகசேனர், நாகசேனர் என்று முணுமுணுத்தபடியே போனதாக நூல் சொல்கிறது.

(தொடரும்)