எட்டுப் புள்ளி, எட்டு வரிசை: ஒரு போட்டோ எதை மறந்தது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மீஞ்சூர்ல இருந்து பேசறேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, கும்மிடிப்பூண்டி லைன் பக்கத்துலதான் போகுது.

இன்னைக்கு ஒரு போட்டோவோட கதை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து, பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் வந்தது ஞாபகம் இருக்கும். படகு, வலை, அலையாத்திச் செடியோட அடி, எல்லாம் கறுப்பு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்கா எடுத்தது. அந்த வாரம் எனக்குத் தெரிஞ்ச மீனவ அண்ணன் ஒருத்தர் படகுல நின்னபடி ஒரு போட்டோ எடுத்தார். தண்ணி மேல எண்ணெய்ப் படலம், வெயில் பட்டு வானவில் நிறத்துல மின்னுது. அவர் போன்ல நானே பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லாம தெரிஞ்சது.

சில மாசம் கழிச்சு, ஒரு மனுவோட இணைக்க அந்தப் படம் தேவைப்பட்டது. அதுக்குள்ள அவர் போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. மிச்சம் இருந்தது, ரெண்டு மூணு குரூப் தாண்டி என்கிட்ட வந்த பிரதி மட்டும்தான். பெரிசாக்கிப் பார்த்தேன். வானவில்லைக் காணோம். கறுப்புத் தண்ணி, அதுல சின்னச் சின்னக் கட்டம். “இது எண்ணெயா, படகு நிழலா? எப்படிச் சொல்றது?”ன்னு மனு எழுதினவர் கேட்டார். என்னால பதில் சொல்ல முடியல.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட். தேடிப் போனா, வழியில நம்ம கிண்டியும் வருது.

முதல்ல 1957. அமெரிக்காவின் தேசியத் தர அளவைகள் நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் மூன்று மாதக் குழந்தையின் போட்டோ ஒன்றைக் கணினிக்குள் ஏற்றினார். 5 சென்டிமீட்டர் சதுரப் படம். சுழலும் உருளையில் அதை ஒட்டி, 176 வரிசை, வரிசைக்கு 176 புள்ளி என்று கருவி படித்தது. மொத்தம் 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெளிச்சமா, இருட்டா? ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 0. சாம்பல் நிறம் வேண்டும் என்றபோது, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள எல்லையை மாற்றி மாற்றி அதே படத்தைப் பலமுறை படித்துச் சேர்த்தார்கள். இன்னைக்கு நாம பிக்சல்னு சொல்ற சதுரப் புள்ளியோட ஆரம்பம் இதுதான்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. கணினிக்குள்ள குழந்தை போகல, குழந்தையோட படமும் போகல. எண்களோட ஒரு அட்டவணைதான் போச்சு. புள்ளி எவ்வளவு பெரிசு, ஒரு புள்ளிக்கு எத்தனை எண், இந்த ரெண்டையும் யாரோ முன்கூட்டியே முடிவு பண்றாங்க. அந்த முடிவுக்குள்ள அடங்காதது எதுவும் உள்ளே வராது.

இதை நம்ம ஊர் மேலேயே வெச்சுப் பார்க்கலாம். 1988 மார்ச் 17-ம் தேதி பைக்கனூரில் இருந்து இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதிலிருந்த ஒரு வகை கேமராவுக்குத் தரையில் 72.5 மீட்டர் நீளம், 72.5 மீட்டர் அகலம் சேர்ந்தால் ஒரு புள்ளி. அதாவது, ஒரு புள்ளிக்குள்ள ஏறக்குறைய 1.3 ஏக்கர். கழிமுகத்துல 1.3 ஏக்கருக்குள்ள என்னென்ன இருக்கும்? தண்ணி, சேறு, அலையாத்தி, ஓரத்துல ஒரு உப்பளப் பாத்தி. எல்லாத்தோட வெளிச்சமும் கலந்து, ஒவ்வொரு நிறப் பட்டைக்கும் ஒரே ஒரு எண். அந்த எண்ணும் 128 படிகளில் ஒன்று. எண்ணூர் வழியாகப் போகிற பக்கிங்காம் கால்வாய் அந்தப் புள்ளியை விடக் குறுகல். அதனால கால்வாயும் கரையும் ஒரே எண்ணுக்குள்ள கலந்துடும். கால்வாய் இல்லைன்னு அர்த்தம் இல்ல, அதைத் தனியா எழுத அட்டவணையில இடம் இல்ல, அவ்வளவுதான்.

சரி, போனுக்கு வருவோம். அண்ணனோட போன் கேமரா 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு மூணு எண். ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும், ஒரு பைட். பெருக்கிப் பார்த்தா 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்.பி. ஆனா கேலரியில பார்த்தா அந்த போட்டோ சில எம்.பி.தான் இருக்கும். மிச்சம் எங்கே போச்சு?

இங்கதான் கிண்டி. கே. ஆர். ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் வாங்கியவர். அமெரிக்கா போய் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியர் ஆனார். அவருடைய நண்பர் நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படத்தைச் சுருக்க ஒரு புதிய கணக்கு முறைக்காக 1972-ல் அகமது அரசு அறிவியல் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று பரிசீலித்தவர்களில் ஒருவர் கருதினாராம், அகமதே பின்னாளில் எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அந்த முறைக்குப் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமா டிசிடி. 1992-ல் வந்த ஜேபெக் தரநிலைக்கு இதுதான் முதுகெலும்பு.

வேலை செய்யும் விதத்தை வாசல் கோலத்தை நினைச்சுக்கிட்டுக் கேளுங்க. ஜேபெக் படத்தை எட்டுப் புள்ளி, எட்டு வரிசையாகத் துண்டு போடுகிறது. ஒரு துண்டுக்கு 64 புள்ளி. கூடவே 64 மாதிரி வடிவங்கள் தயாராக இருக்கின்றன. முதல் வடிவம் முழுக்க ஒரே சீர். அடுத்தது ஒரு பக்கம் வெளிச்சம், மெதுவா மறுபக்கம் இருட்டு. போகப்போக வரி நெருக்கமாகி, கடைசியில சதுரங்கப் பலகை மாதிரி ஆயிடும். எந்தத் துண்டையும் இந்த 64 வடிவத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதிவிடலாம். இதுவரைக்கும் மிச்சம் ஒண்ணும் இல்ல, 64 எண் போய் வேற 64 எண் வந்திருக்கு. ஆனா வானம் இருக்கிற துண்டில் முதல் எண் மட்டும் பெரிசா வரும், மத்தது எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கும். நெருக்கமான வடிவங்களின் எண்களைத்தான் அதிகமாக வெட்டிப் பூஜ்யமாக்குவார்கள், நம்ம கண்ணுக்கு அது அவ்வளவாத் தெரியாதுங்கறதால. நிறத்துலயும் ஒரு சிக்கனம். வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. அதனால பெரும்பாலும் நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் வைப்பாங்க.

இப்ப அந்த எண்ணெய்ப் படலத்தை நினைச்சுப் பாருங்க. கறுப்புத் தண்ணி மேல மெல்லிசான, நெருக்கமான நிற வரி. நெருக்கமா இருக்கறதால ஒரு வெட்டு, நிறமா இருக்கறதால இன்னொரு வெட்டு. போன் எடுத்த அசல் படத்துல வெட்டு குறைவு, அதனால மின்னினது தப்பிச்சது. பகிர்ந்தபோது படம் 1600-க்கு 1200 ஆச்சு, புள்ளியில ஆறுல ஒரு பங்குகூட மிஞ்சல. யாரோ அதை இறக்கி மறுபடி ஏத்தினப்ப இன்னொரு சுற்று வெட்டு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா வெட்டறதால, வெட்டு பலமானா ஓரங்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. நான் பார்த்த கட்டம் அதுதான்: எட்டுப் புள்ளி, எட்டு வரிசை. போட்டோவோட ஒட்டியிருந்த தேதி, நேரம், இடம் பற்றிய குறிப்பும் வழியிலேயே உதிர்ந்துபோச்சு.

இதுக்காக ராவையோ அகமதையோ குறை சொல்ல முடியாது. புயல் வாரத்துல சிக்னலே இல்லாத இடத்துல 36 எம்.பி. படத்தை யார் அனுப்பியிருக்க முடியும்? முகத்துவாரத்துல நடந்தது அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சதுன்னா அந்தக் கணக்கு முறையாலதான். பார்க்கறதுக்கு அது போதும். ஆனா கண்ணுக்குத் தெரியாதுன்னு அது தள்ளிவிட்டதுலதான் எங்க சாட்சி இருந்தது.

அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, “அப்ப நான் பார்த்தது திரும்ப வராதா?”ன்னு கேட்டார். வராதுண்ணே, பூஜ்யமாக்கின எண்ணை யாராலயும் மீட்க முடியாதுன்னு சொன்னேன். மென்பொருள் வெச்சுத் தெளிவாக்கலாம், ஆனா அது ஊகிச்சு வரையறது. அதைச் சாட்சின்னு கொண்டுபோய் நிக்க முடியாது.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க ஆத்துல, ஏரியில, தெருவுல எதையாவது பதிவு பண்ணினா, அசல் கோப்பை அப்படியே வேற ஒரு இடத்துல நகலெடுத்து வைங்க. அனுப்பறப்ப போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க. அண்ணன் இப்ப புது போன் வாங்கிட்டார். ஆத்துல எடுக்கற படத்தை, குரூப்ல போடறதுக்கு முன்னாடி, மகளோட லேப்டாப்ல ஏத்தி வெச்சிடறார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.