கோயில் எண்ணும் குடும்பம்: நகரத்தார் சமயவாழ்வின் உலகியல் பயன்

1. ஆய்வெல்லை

உறவுக்காகவும் குடும்ப நலனுக்காகவும் கோயிலைப் பற்றி நிற்பவர்களைப் போலிப் பக்தர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், வழிபடுவோரை ஒரே சமூகமாக இணைப்பதையே சமயத்தின் உயிர்நிலையாகக் கண்டார். அக்கருத்தை உரைத்துப் பார்க்கச் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நகரக் கோயில்கள் நல்ல களம்.

2. புள்ளிக் கணக்கு

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என நகரக் கோயில்கள் ஒன்பது. ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலார் பங்காளிகள். தமக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை என்பது பொதுவிதி. (பெரிய கோயில்களின் உட்பிரிவுகள் இவ்விதியைச் சற்றே சிக்கலாக்குவது தனிக்கதை.) இரணியூராரும் பிள்ளையார்பட்டியாரும் சகோதர முறையினர் என்பதால் அவர்களுக்குள்ளும் மணவுறவு கிடையாது.

திருமணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். அதன்பின் மணமக்கள் இருவரும் சேர்ந்து ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாதவர் நாள்தோறும் சன்னதியில் நின்றாலும் கணக்கில் வரமாட்டார். பக்தியை அளக்க இங்கே கோலே இல்லை. குடும்பத்தை அளக்க உண்டு.

செட்டிநாட்டு வீட்டிலும் இதே கணக்குதான். மணமான மகனை 'வேறு வைப்பது' வழக்கம். கூரை ஒன்று, ஆனால் அடுப்பும் வரவுசெலவும் தனி. கோயில் ஏட்டில் புள்ளியான தம்பதி வீட்டுக்குள்ளும் தனிக் குடித்தனம் ஆகிறது. வழிபாட்டு ஏடும் குடும்பப் பொருளாதாரமும் இவ்வளவு இறுகப் பொருந்துவதைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனமில்லை.

3. கடல்கடந்த நாணயம்

கொண்டுவிற்கப் போன இடமெல்லாம் நகரத்தார் முருகனையும் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. ரங்கூனில் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். லாபத்தில் ஒரு பங்கு மகமையாகத் தருமத்துக்குப் போனது. வட்டி பேசும் இடத்தில் சாமி எதற்கு என்று கேட்கலாம். அங்கே நாணயம் தவறியவனின் பெயர் ஊர்வரை கெடும். பிறகு அவன் வீட்டில் சம்பந்தம் பேச யார் வருவார்? எழுதப்பட்ட பத்திரத்தைவிட இந்த அச்சமே வலுவான பிணையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

4. கொடுக்கும் விலை

பெண்ணுக்குப் பிறந்த கோயில் மணத்தோடு மாறுகிறது. அவள் கணவனின் கோயிலில்தான் புள்ளியாவாள். சமூகத்துக்கு வெளியே மணந்தவருக்கோ, மரபுப்படி, கோயில் மாலையே கிடையாது. அவரும் பிள்ளையார்பட்டிக்கு வரலாம், அர்ச்சனைச் சீட்டு வாங்கலாம், கற்பக விநாயகரைக் கண்குளிரக் கும்பிடலாம். எவரும் தடுப்பதில்லை. புள்ளி ஏட்டில் மட்டும் அவருக்கு இடமில்லை.