நாணயம் கடல் கடக்குமா?

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கிற காசும் நாணயம். வாக்குத் தவறாத குணமும் நாணயம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், ஒன்று இல்லாத இடத்தில் மற்றதும் செல்லாது என்று கருதியிருக்க வேண்டும். காசு கடல் கடப்பது எளிது. பெட்டிக்குள் வைத்தும் எடுத்துச் செல்லலாம். இந்தக் காலத்தில் பொத்தானைத் தட்டியும் அனுப்பலாம். ஆனால் இரண்டாவது நாணயம், 'இந்த மனிதனை நம்பிக் கடன் கொடுக்கலாம்' என்று ஊரார் ஒருவன் மீது வைத்திருக்கும் மதிப்பு, அது கடல் கடக்குமா?

இன்று இந்தக் கேள்வியைக் கிளப்புவது உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டை. துபாயிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்ஸியிலோ உத்தியோகம் பார்க்கும் ஓர் இந்தியர், தம் தாய்நாட்டு பாங்கு ஒன்றின் கிரெடிட் கார்டு வேண்டும் என்று விரும்புகிறார். டம்பத்துக்காக அல்ல. ஊரில் இருக்கும் தாயாருக்கு மருந்து வாங்க வேண்டும். தகப்பனாருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். வீட்டு மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். அயல்நாட்டு அட்டையை நீட்டினால் நாணய மாற்றுக் கூலி என்று ஒரு பங்கு போய்விடுகிறது. சில இடங்களில் அந்த அட்டை செல்லுபடியாவதே இல்லை. ஆகவே தம் பழைய பாங்கைக் கேட்கிறார். பெரும்பாலான பாங்குகள் மிகவும் மரியாதையாக ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: "தாராளமாகத் தருகிறோம். முதலில் எங்களிடம் ஒரு நிரந்தர வைப்புத் தொகை போடுங்கள்."

அந்த வைப்பின் மீது பாங்கு ஒரு பூட்டைப் போட்டுக் கொள்கிறது. தொகையில் முக்கால் பங்கோ, சற்று அதிகமோ, கடன் எல்லையாகக் கிடைக்கிறது. நேராகச் சொன்னால், தம்முடைய பணத்தைத் தாமே கடன் வாங்கும் உரிமை கிடைக்கிறது. பத்து ஆண்டுகள் ஊரில் சம்பாதித்து, ஒரு தவணையும் தவறாமல் கடன் அடைத்தவராக இருக்கலாம். கடல் தாண்டியதும் அந்தப் பெயர் கரையிலேயே நின்றுவிடுகிறது.

முன்பு எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், கொழும்பு செட்டியார் தெருவிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் வரிசையாக இருந்தன. பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லை. தரையில் பாய், எதிரே சாய்வுப் பெட்டி, பக்கத்தில் கணக்குப் புத்தகம். அங்கே பணத்தைக் கட்டியவனுக்கு ஓர் உண்டியல் கிடைக்கும். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் அல்ல. 'இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும்' என்று ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதும் சீட்டு. காட்டியவுடன் பணம் கொடுத்தாக வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துக் கொடுப்பது தவணை உண்டியல். ரங்கூனில் எழுதிய சீட்டைத் தேவகோட்டையில் நீட்டினால் பணம் வந்தது. சீட்டை எழுதியவனை வாங்கியவன் ஒருகால் பார்த்தே இருக்க மாட்டான். அவன் பார்த்ததெல்லாம் 'விலாசம்'. ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் மூன்று நான்கு எழுத்துக்களில் ஒரு விலாசம் உண்டு. பாட்டன், தந்தை பெயர்களின் முதலெழுத்துக்கள் அவை. அந்த எழுத்துக்களுக்குப் பின்னால் குடும்பம் இருந்தது. குடும்பத்துக்குப் பின்னால் நகரக் கோயில் இருந்தது. வாக்குத் தவறியவன் அன்றைய வியாபாரத்தை மட்டும் இழக்கவில்லை. கோயிலில் நிற்கும் இடத்தையும், பெண் கொடுக்கும் வீட்டையும் இழந்தான். ஆகவே நாணயம் கடல் கடந்தது. இரு கரையிலும் அவனைத் தெரிந்தவர்கள் இருந்ததால் கடந்தது.

இதைப் பொற்காலம் என்று வர்ணித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியாத பர்மியக் குடியானவன் நிலத்தை இழந்தான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937-இல் நூற்றுக்கு 25. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணம் திரும்பாததால் நிலம் வந்து சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் உழுதவன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஏழைத் தமிழனுக்கும் கடல் கடந்த இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. அதன் கதை வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய தொழிலாளிக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, அந்தத் தொகையைக் கட்டினால் இந்தத் தோட்டம் இவர்களை விடுவிக்கும் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக் கொள்வார். தோட்டம் மாறும், கடன் மாறாது. வட்டிக்கடைக்காரரின் சீட்டு அவருடைய நம்பிக்கையைச் சுமந்து சென்றது; கூலிக்காரனின் சீட்டு அவனுடைய தளையைச் சுமந்து சென்றது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். கடல் கடந்த கடனைப் பற்றிப் பேசும்போது, தேவகோட்டை மாளிகைகளோடு இந்தத் துண்டையும் நினைத்துக் கொள்வதுதான் நியாயம்.

1937 பிப்ரவரி 10-ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் ஒரு புதிய காரியம் செய்தார். இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கை ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் திறந்தார். அயல்நாட்டுச் செலாவணிக்காகவே ஏற்பட்ட பாங்கு அது. சொந்தபந்தமும் கோயிலும் தாங்கி நின்ற நம்பிக்கையை, இனி அச்சடித்த படிவமும் கிளை அலுவலகமும் தாங்கும் என்று அவர் கண்டுகொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை உள்நாடாக இருந்த ரங்கூன் ஒரே இரவில் வெளிநாடாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். லட்சக் கணக்கான இந்தியர்கள் நடந்தும் கப்பலேறியும் திரும்பினார்கள். யுத்தத்துக்குப் பின் மீண்டும் போனவர்களுக்கு 1963-இல் அடுத்த அடி விழுந்தது. பர்மாவில் பாங்குகள் எல்லாம் அரசுடைமையாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வாழ்நாள் முழுதும் சேர்த்ததை விட்டுவிட்டுக் கட்டிய துணியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் பலர். கடற்கரைக்கு அருகே பர்மா பஜாரில் பெட்டிக்கடை போட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். அங்கே அவர்கள் கணக்கு இருந்தது. இங்கே அதற்கு மதிப்பில்லை. இங்கே அவர்களுடைய பாட்டனாரின் பெயர் இருந்தது; அதற்குக் கடன் கொடுப்பார் இல்லை.

இதற்குள் இந்திய சர்க்காரும் மாறிவிட்டது. 1939 செப்டம்பரில் யுத்தத்தை முன்னிட்டுத் தற்காலிகமாக வந்த செலாவணிக் கட்டுப்பாடு, 1947-இல் சட்டமாயிற்று, 1957-இல் நிரந்தரமாயிற்று, 1973-இல் இன்னும் கடுமையாயிற்று. அனுமதியின்றி வெளிநாட்டில் பணம் வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம். குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் ஊகித்துக் கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவன் பொறுப்பு. 1960-களில் மேற்படிப்புக்காக எட்டு டாலருடன் விமானம் ஏறியதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டாலர் அரிதாக இருந்த நாடு. அஞ்சியதில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டுகளில் கடல் கடந்த இந்தியனைத் தாய்நாடு பார்த்த பார்வையில் பாசம் பாதி, சந்தேகம் பாதி.

சந்தேகம் மெல்லக் குறைந்தது, பணம் தேவைப்பட்டபோது. 1970-இல் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கென்று என்.ஆர்.இ. என்ற ரூபாய்க் கணக்கு வந்தது. அதில் போட்ட பணத்தை மறுபடியும் வெளியே எடுத்துச் செல்லலாம். 1975-இல் அயல்நாட்டு நாணயத்திலேயே வைக்கும் கணக்கும் வந்தது. எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளுக்கு நம்மவர்கள் திரள் திரளாகப் போன காலம் அது. கிரெடிட் கார்டோ இந்தியாவில் 1961-இல் டைனர்ஸ் கிளப் மூலம் சில செல்வந்தர்களின் சட்டைப்பைக்கு வந்து, 1980-இல்தான் சென்ட்ரல் பாங்கு வழியே இந்திய பாங்குகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

பின்பு 1991. நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலைக்கு இறங்கியது. வெளிநாட்டு இந்தியர்களும் பயந்து வைப்புகளை எடுக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து பாங்கிடமும் ஜப்பான் பாங்கிடமும் ஈடாக வைத்தது ரிஸர்வ் பாங்கு. வீட்டு நகையை அடகு வைத்த எந்தக் குடும்பஸ்தருக்கும் அந்த வலி புரியும். அந்த ஆண்டே ஸ்டேட் பாங்கு பத்திரம் வெளியிட்டு, கடல் கடந்த இந்தியர்களிடம் 160 கோடி டாலர் திரட்டியது. 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பின் பல நாடுகள் முகத்தைத் திருப்பிக் கொண்டபோது, மறுபடியும் ஒரு பத்திரம். வந்தது ஏறக்குறைய 420 கோடி டாலர். 2000-இல் இன்னொன்று, 550 கோடி டாலர்.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்நிய வங்கிகள் தங்கத்தை ஈடாகக் கேட்டன. கடல் கடந்த மக்கள் ஈடு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வட்டி கிடைத்தது, மறுக்கவில்லை. 1998-இல் டாலருக்கு நூற்றுக்கு 7¾. இருந்தாலும் உலகம் தயங்கிய நேரத்தில், ஒரு காகிதத்தை நம்பிக் கொடுத்தார்கள். நாடு அவர்களிடம் கடன் வாங்கியது நம்பிக்கையின் பேரில். அவர்கள் நாட்டு பாங்கிடம் ஓர் அட்டை கேட்டால் கிடைப்பது ஈட்டின் பேரில்.

பாங்குகளைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சம்பளம் வேறு நாட்டில் வருகிறது. வேலை போனால் இங்கே தெரியாது. பணம் திரும்பாவிட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போய் அலைய முடியாது. ஒருவனுடைய கடன் ஒழுக்கத்தைக் குறித்து வைக்க 2000-இல் சிபில் என்ற நிறுவனம் ஏற்பட்டது. இப்போது 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் அந்த ஏட்டுக்கு நியூஜெர்ஸியில் கண் இல்லை. நியூஜெர்ஸி ஏட்டுக்கு மதுரையில் கண் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த மாதம், இருபது ஆண்டு உத்தியோகஸ்தரும் நேற்றுப் பிறந்தவரைப் போல முதல் எண்ணிலிருந்து தொடங்குகிறார். திரும்பி வந்தாலும் அதே கதைதான்.

2000 ஜூன் முதல் தேதி பழைய கடுமையான செலாவணிச் சட்டம் போய், சிறைக்குப் பதில் அபராதம் விதிக்கும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் பத்து நாடுகளின் தொலைபேசி எண்ணை வைத்துக் கொண்டே இந்தியக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்த வழி செய்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஆயினும் இவை எல்லாம் முதல் நாணயத்துக்குத் திறந்த கதவுகள். காசு போகவும் வரவும் ஆனவை.

இரண்டாவது நாணயம் கடக்க வேண்டுமானால் இரு கரையிலும் ஒருவனை அறிந்தவர் வேண்டும். செட்டியார் காலத்தில் அந்த வேலையை விலாசமும் கோயிலும் செய்தன. அவை எல்லாருக்கும் வாய்க்கவில்லை, கூலிக்காரனுக்குத் துண்டுதான் வாய்த்தது. இன்று அந்த வேலையை இரண்டு நாட்டு ஏடுகள் ஒன்றையொன்று பார்த்துச் செய்ய முடியும். அப்படி நடந்தால், பாட்டன் பெயர் தேவையில்லாமல், ஷார்ஜாவில் கம்பி கட்டும் தொழிலாளிக்கும் அவன் சொந்த ஒழுக்கமே விலாசமாகும். ஆனால் அந்த ஏட்டில் அவனுடைய நேர்மையோடு அவனுடைய கடனும் நாடு விட்டு நாடு தொடரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விலாசமாக இருக்க வேண்டியது துண்டாக மாறிவிடாமல் பார்த்துக் கொள்வது, அந்த ஏட்டை எழுதப் போகிறவர்களின் பொறுப்பு.

அதுவரை, ஊரில் இருக்கும் தாயாரின் மருந்துச் செலவுக்காகத் தம் பணத்தையே ஈடு வைத்து அட்டை வாங்கிக் கொள்கிறார்கள் நம் பிள்ளைகள். அட்டையின் பேரில் உபரியாக இன்னொன்று எடுத்துத் தாயார் கையில் கொடுத்துவிடவும் வழி இருக்கிறது. கடைக்காரர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அட்டையை வாங்கித் தேய்க்கிறார். அவருக்கு அந்த அம்மாளை முப்பது வருஷமாகத் தெரியும். அட்டை இல்லாமலே கொடுத்திருப்பார்.