அது நித்திரைக் குளிசை இல்லை

எங்கட ஊரில மனநல கிளினிக்கில குடுக்கிற எல்லா மருந்துக்கும் ஒரே பேர்தான்: நித்திரைக் குளிசை. மனச்சோர்வுக்குக் குடுக்கிற ஃபுளூஒக்ஸற்றினுக்கும் அதே பேர். சிலருக்கு அது இருக்கிற நித்திரையையும் குழப்பும் எண்டது வேற கதை.

பேர் முழுப் பிழையும் இல்லை. 1956இல் சுவிற்சர்லாந்தில ரோலன்ட் குன் என்ற வைத்தியர், மனச்சிதைவுக்கு உதவாமல் போன இமிப்ரமின் என்ற மருந்தை மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் குடுத்துப் பார்த்தார். அவர்கள் தேறினார்கள். ஏன் எண்டு ஆருக்கும் தெரியாது. பிறகு அமெரிக்காவில ஜூலியஸ் அக்சல்றொட் காரணத்தைத் தேடினார். ஒரு நரம்புக்கலம் அடுத்ததுக்குச் செய்தி சொல்ல ஒரு இரசாயனத்தை வெளிய விடும், பிறகு தானே திரும்ப உறிஞ்சி எடுக்கும். இந்த மருந்து அந்த மீளுறிஞ்சலை மறிக்குது. 1970இல் அவருக்கு நோபல் பரிசு. மருந்து முதல், விளக்கம் பிறகு.

அந்தப் பழைய மருந்துகள் வேற பலதையும் தொட்டன. வாய் காயும், மலச்சிக்கல் வரும், அமிற்றிப்டிலின் போட்டால் நித்திரை தூங்கும். கூடக் குடிச்சால் இதயமே நிண்டுபோகும். அதால செரற்றோனினை மட்டும் குறிவைக்கிற மருந்தைத் தேடினார்கள். சுவீடனின் சிமெலிடின் 1982இல் வந்து, நரம்புப் பாதிப்பால அடுத்த வருஷமே நிப்பாட்டப்பட்டது. 1987 டிசெம்பரில ஃபுளூஒக்ஸற்றினுக்கு அமெரிக்காவில அனுமதி கிடைச்சுது, புரோசாக் என்ற பேரில.

அதுக்கு இரண்டு மாதம் முந்தி, ஒக்ரோபர் 21, 22இல், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ள இந்திய இராணுவம் நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியர்களையும் சுட்டுக் கொண்டது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, மருந்தும் அளந்துதான் வந்தது.

அந்த நாட்களில இங்க வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1998இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். எங்கட சனம் 'எனக்குக் கவலை' எண்டு வைத்தியரிட்டப் போறதில்லை. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சுக்க ஏதோ செய்யுது எண்டுதான் போகும். குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைஞ்ச இடத்தில, குளிசையோட மூச்சுப் பயிற்சியும் பழக்கமான மந்திரமும் சேர்க்க வேணும் எண்டது அவரின்ர அணுகுமுறை. மருந்துக் கொம்பனிகள் பரப்பின 'செரற்றோனின் குறைபாடு' என்ற கதையைவிட இது எனக்கு நேர்மையாப் படுது. அந்தக் கதைக்கு உறுதியான சான்று இல்லை எண்டு 2022இல் வந்த ஒரு பெரிய மீளாய்வும் சொல்லிச்சுது. அதுக்காக மருந்து பொய் எண்டு இல்லை. சோதனைகளில வெறுங்குளிசையைவிட அது கூடத்தான் வேலை செய்யுது, ஆனா விளம்பரம் சொன்ன அளவுக்கு இல்லை.

இப்ப அந்தப் பேருக்குத் திரும்புவம். நித்திரைக் குளிசை அண்டைக்கு இரவே வேலை செய்யும். இது பிடிக்கிறதுக்கு இரண்டு, நாலு கிழமை செல்லும். முதல் கிழமையில ஒண்டும் நடக்கேல்லை எண்டு தன்பாட்டில நிப்பாட்டினால், மருந்து பலிக்க முந்தியே விட்ட மாதிரி. பழகினபிறகு திடீரெண்டு விட்டால் தலைச்சுத்தும் பதட்டமும் வரலாம், வைத்தியரோட கதைச்சு மெல்லமெல்லத்தான் குறைக்க வேணும். எங்கட வயதுக்காரருக்கு இன்னொண்டும் இருக்கு: 25 வயதுக்குக் குறைஞ்சவர்களுக்கு ஆரம்பக் கிழமைகளில தற்கொலை எண்ணம் கூடலாம் எண்டு 2007 தொடக்கம் அமெரிக்காவில மருந்தின்ர தகவல் குறிப்பிலயே எச்சரிக்கை போடுகினம். அந்தக் கிழமைகளில வீட்டில ஒராள் பக்கத்தில இருந்து கவனிக்க வேணும். மாற்றம் தெரிஞ்சால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காமல் உடன வைத்தியரிட்டச் சொல்ல வேணும்.