டிராம்பே வட்டாரத்தில் குடும்ப வன்முறை எதிர்ப்புப் பணி

மும்பையின் கிழக்குக் கரையில் டிராம்பே, தேவ்நார், செம்பூர் பகுதிகளில், வீட்டுக்குள் வதைபடும் பெண்களுக்குத் துணைநிற்கும் பணிக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் தேவ்நாரில் சியோன்–டிராம்பே சாலையில் அமைந்த டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சார்ந்தது.

பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து காவலர்களை விடுவித்த மதுரா வழக்குத் தீர்ப்பை எதிர்த்து 1980இல் மும்பைப் பெண்கள் தெருவில் இறங்கினர். கணவர் வீட்டார் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 1983இல் வந்தது. ஆனால் காவல் நிலையம் போன பெண்ணுக்குக் கிடைத்த பதில் மாறவில்லை: “புருஷன் பொண்டாட்டி சண்டை, வீட்டுல பேசித் தீத்துக்கோ.” இந்த நிலையில்தான் 1984இல் டாடா கழகமும் மும்பைக் காவல்துறையும் சேர்ந்து, ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கின. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் அங்கே அமர்ந்து, வருபவர் சொல்வதை முழுதாகக் கேட்டனர். புகார் பதிவாகத் துணைநின்றனர். புகுந்த வீட்டில் மாட்டிக்கொண்ட நகை, பாத்திரம், சான்றிதழ்களை மீட்டுத் தந்தனர். காவல்துறை வளாகத்துக்குள் இருந்தும் காவல்துறையின் ஆளாக ஆகிவிடாததே இதன் பலம். 2005இல் மகாராஷ்டிர அரசு இத்திட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது.

டிராம்பேயின் சீத்தா கேம்ப், 1976இல் நெருக்கடி நிலையின்போது ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு அங்கிருந்தவர்கள் குடியேற்றப்பட்ட இடம். தமிழர் நிறைய. பிறந்த வீடு திருநெல்வேலியிலோ சேலத்திலோ இருக்க, மராத்தியும் இந்தியும் சரளமாகாத பெண்ணுக்குக் காவல் நிலையப் படியேறுவதே பெரும்பாடு. பக்கத்து ரூம் பெண்தான் அவளுக்கு முதல் துணை. செம்பூரில் 1989இல் எழுத்தறிவுப் பணிக்காகத் தோன்றிய கோரோ அமைப்பு, குடிசைப் பகுதிப் பெண்களையே முன்னணிக்குக் கொண்டுவந்து, பின்னர் குடும்ப வன்முறையையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. என் மதிப்பில், வெளியிலிருந்து வந்த எந்தப் பிரசாரத்தையும்விட மகிளா மண்டல் எனும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களின் இந்த வேலையே ஆழமானது.

மருத்துவமனைகளும் விழித்துக்கொண்டன. பாந்திராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் இணைந்து வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2000இல் தில்லாசா மையத்தை நிறுவின. சியோன் மருத்துவமனையின் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, தாராவியில் ‘சங்கினி’ எனும் தன்னார்வப் பெண்களைத் திரட்டியது. “வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லி வரும் பெண்ணின் காயத்தைப் பார்த்து, தனியாக உட்காரவைத்து விசாரிக்கும் பழக்கம் இத்தகைய மையங்களால்தான் பரவியது.

2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் (2005) அடி உதையோடு நில்லாமல், பாலியல், சொல், பண வகைக் கொடுமைகளையும் வன்முறை என்றது. பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதி நீதித்துறை நடுவரிடம் தருவார். மனுவின் முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள். அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும். காகிதத்தில் இருக்கும் இந்த வேகம் நீதிமன்றங்களில் கிடைப்பது அரிது. இருந்தாலும் குடிசைப் பகுதிக்கு மிகப் பயன்பட்டது இச்சட்டம் தந்த குடியிருப்பு உரிமை. ரூம் பெரும்பாலும் மாமனார் பெயரில் இருக்கும். “இது எங்க வீடு, வெளிய போ” என்பதே அங்கு பெரிய மிரட்டல். கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த இடமென்றால் அங்கே குடியிருக்கும் உரிமையை அவள் கோரலாம் என்று சதீஷ் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடே. உதவி தேடாத மற்றவர்களுக்காக அக்கம்பக்கத்தார் பேசலாம். வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது என்கிறது குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. சுவருக்கு அப்பால் அலறல் கேட்டால் 112 (அவசர உதவி) அல்லது 181 (பெண்கள் உதவி) எண்ணை அழையுங்கள்.